கத்திரிப்பூ நிறச் சட்டைகள்

டீ சர்ட் அச்சடிக்கக் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்ததற்கு ஒரே காரணம், எங்கள் தெருவிலிருந்து நான் மட்டும் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்ததுதான். துணிக்கும் கல்லூரிக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் மூன்றாம் வகுப்பைத் தாண்டியதில்லை. அதனால் எழுத்து இருக்கிற எந்தப் பொருளும், மருந்துச் சீட்டானாலும் கரண்டு பில்லானாலும், நேராக என்னிடம் வந்துவிடும். சட்டையின் முதுகில் எழுத்து வரப்போகிறது என்றதும் சட்டையும் வந்துவிட்டது.

எங்கள் ஊர் கீழ்பென்னாத்தூரை ஒட்டியது. கார்த்திகை தீபத்துக்கு வருஷா வருஷம் திருவண்ணாமலை போய், கிரிவலப் பாதையில் பந்தல் போட்டு அன்னதானம் செய்கிற குழு ஒன்று எங்களுக்கு உண்டு. எல்லாரும் நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போடுகிற ஆட்கள். மல்லாட்டை மண்டி வைத்திருந்த ஒருவர்தான் தலைவர். எனக்கு முறைக்கு மாமா. அப்பாவுக்கு அடுப்புப் பொறுப்பு. வீட்டில் ஒரு சொம்பு வெந்நீர் வைக்கத் தெரியாதவர், தீபத்தன்று மட்டும் கோட்டை அடுப்பின் முன்னால் நின்று அண்டா அண்டாவாகச் சாம்பார் சாதம் கிண்டுவார். மற்ற நாளெல்லாம் அடுப்பு பெண்களுடையது. அந்த ஒரு நாள் ஆண்களுடையது.

சட்டை வேலை என்னிடம் வருவதற்கு முந்தின வருஷம் பக்கத்துப் பந்தல்காரர்கள் ஒரே மாதிரி மஞ்சள் டீ சர்ட் போட்டு வந்திருந்தார்கள். போலீஸ்காரர்கள் அவர்களுடைய தண்ணீர் வண்டியை விட்டார்கள், எங்களுடையதை நிறுத்தினார்கள். தலையில் அரிசி மூட்டையோடு நடந்த அப்பாவை ஒரு போலீஸ்காரர், "யோவ், யார் நீ? கூட்டத்துல மூட்டையத் தூக்கிக்கினு எங்க போற?" என்று நிறுத்தி, லத்தியால் மூட்டையைக் குத்திப் பார்த்தார். குத்திய இடத்தில் சாக்கு கிழிந்து அரிசி அப்பாவின் தோளில் கொட்டியது. அப்பா வருஷம் முழுக்க அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மாப்ள, நீதான் படிச்சவன்," என்றார் மாமா. "நம்ம ஆளுங்கன்னு பாத்த ஒடனே தெரியணும். எப்டிப் பண்ணுவியோ, பண்ணு."

"அவன் பாத்துப்பான் மச்சான்," என்றார் அப்பா.

அன்றிலிருந்து எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அப்பா என்னைப் பற்றி நாலு பேர் முன்னால் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

நிறத்தில் தொடங்கியது. எந்த நிறத்தை எடுத்தாலும் யாராவது ஒருவர் அது இன்ன கட்சியுடையது என்றார். மஞ்சள் பக்கத்துப் பந்தல்காரர்களுடையது. காவி போட்டால் சாமியார்கள் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள் என்று சித்தப்பா ஒருவர் சொன்னார். கடைசியில் எந்தக் கட்சிக்கும் எந்தச் சாமியாருக்கும் சேராத நிறம் என்று கத்திரிப்பூ நிறத்தைப் பிடித்தோம்.

அடுத்தது படம். "முதுகுல அண்ணாமலையார் படத்த போடு," என்றார் அதே சித்தப்பா.

"போட்டுட்டு? பஸ்ல சாஞ்சி உக்காருவியா? சாமி நசுங்குவாரு," என்றார் இன்னொருவர்.

"அப்ப முன்னால போடு."

"முன்னால போட்டா சாம்பார ஊத்திப்ப. உன் வாயிக்குப் போறதவிட சட்டைக்குப் போறதுதான் ஜாஸ்தி."

மலையை மட்டும் போடலாம் என்று நான் சொன்னேன். "மலையே சாமிதானேடா," என்றார் ஒருவர். கோடு மட்டும்தான், உள்ளே ஒன்றும் இருக்காது என்று சொல்லி ஒப்புக்கொள்ள வைத்தேன். டவுனிலிருந்து பார்த்தால் தெரிகிற மலையை விட்டுவிட்டு, எங்கள் வயலிலிருந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி நானே வரைந்தேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கடை, திருவண்ணாமலையில் தேரடிப் பக்கத்தில் ஒரு சந்துக்குள் இருந்தது. இங்கே ஆர்டர் எடுத்துத் திருப்பூரில் தைத்து அச்சடித்து வரவழைப்பார்கள். ஒரு வேன் நிறைய ஆட்கள் என்னோடு வந்து கடையை அடைத்துக்கொண்டு நின்றார்கள். கடைக்காரர் இரண்டு துணி காட்டினார். ஒன்று மங்கலாக, துவைத்த வேட்டி மாதிரி இருந்தது. இன்னொன்று வழவழவென்று மின்னியது. மாமா மின்னிய துணியை எடுத்துக் கைக்குள் கசக்கிப் பிடித்துவிட்டு விரித்தார். ஒரு சுருக்கம் இல்லை.

"பாத்தியா? பட்டு மாரி இருக்குது."

நான் பயத்தில் கேள்விகளை முன்பே யோசித்து வைத்திருந்தேன். "சாயம் போகுமாண்ணே?"

"போகவே போகாது தம்பி."

"துவைச்சா சுருங்குமா?"

"சுருங்காது. தீபத்துக்குத்தானே? மழை பெய்யும். இது நனைஞ்சாலும் நின்ன எடத்துலயே காஞ்சிரும்."

அவர் சொன்ன எதுவும் பொய் இல்லை. நானும் எல்லாம் கேட்டுவிட்டதாகத்தான் நினைத்தேன். அது என்ன துணி என்று மட்டும் கேட்கவில்லை. டீ சர்ட்டை நாங்கள் பனியன் என்போம். பனியன் என்றால் பருத்தி. அதில் கேட்க என்ன இருக்கிறது? சட்டை தீபத்துக்கு என்று அவருக்குத் தெரியும். அதைப் போட்டுக்கொண்டு அடுப்பின் முன்னால் நிற்கப்போகிறோம் என்று அவருக்குத் தெரியாது. அந்த ஊரில் கார்த்திகை மாதம் வாங்கப்படுகிற எல்லாமே தீபத்துக்குத்தான்.

அளவு எடுக்கும்போது ஒரு கலாட்டா. எந்த அளவானாலும் ஒரே விலை என்று கடைக்காரர் வாய் தவறிச் சொல்லிவிட்டார். "ஒரே வெலன்னா பெருசாவே குடு. துணி ஜாஸ்தி வரும்ல?" என்றார்கள் எல்லாரும். அப்பா ஒல்லி. நான் எவ்வளவோ சொன்னேன். "நாளைக்கி உனக்கும் ஆவும், எனக்கும் ஆவும்," என்று அவரும் பெரியதையே சொன்னார். எங்கள் வீட்டில் எந்தத் துணியும் ஒரு ஆளுக்கென்று வாங்கப்பட்டதில்லை. சட்டைகள் எல்லாருக்கும் முழங்காலைத் தொடுகிற அளவில் வரப்போகின்றன என்று அன்றே தெரிந்துவிட்டது.

பிறகு காத்திருப்பு. எஸ்.டி.டி. பூத்திலிருந்து கடைக்குப் பேசினால், "பஸ்ல போட்டாச்சு தம்பி," என்பார். மறுநாளும் அதையே சொல்வார். தீபத்துக்கு முந்தின நாள் மாலைதான் பார்சல் வந்தது. பிரித்ததும் முதலில் முதுகைத் திருப்பிப் பார்த்தேன். எழுத்து சரியாக இருந்தது. மலை எங்கள் பக்கத்து மலையாகவே இருந்தது. அப்பா சட்டையை மேலே வைத்துப் பார்த்தார். அம்மா, "பாவாட மாரி இருக்குது," என்று சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இனி பயப்பட ஒன்றும் இல்லை என்று நினைத்தேன்.

மறுநாள் காலை, கிளம்புவதற்கு முன்னால் ஊர்ப் பிள்ளையார் கோயிலில் சட்டைகளை அடுக்கி வைத்துப் பூஜை. புதுத் துணிக்குச் செய்கிற மாதிரி ஒவ்வொரு சட்டையின் ஓரத்திலும் பூசாரி மஞ்சள் தடவினார். வழக்கமாகக் குழுவில் எல்லாரும் கையில் காப்புக் கட்டிக்கொள்வார்கள். மலையில் தீபம் ஏறியதைப் பார்த்த பிறகுதான் அவிழ்ப்பார்கள். மாமா கையை உயர்த்தி, "இந்த வருஷம் சட்டதான் காப்பு. தீபம் ஏறுற வரைக்கும் எவனும் கழட்டக் கூடாது," என்றார். எல்லாரும் "அரோகரா" என்றார்கள். நானும் சொன்னேன்.

பூசாரி தட்டைச் சுற்றியபோது எரிகிற கற்பூரத் துணுக்கு ஒன்று மேலே இருந்த சட்டையின் கையில் விழுந்தது. அவர் சட்டென்று விரலால் தட்டிவிட்டார். யாருக்கும் அது ஒரு விஷயமாகப் படவில்லை. நான் பக்கத்தில் இருந்தேன். துணி கருகவில்லை. உருகியது. ஓட்டை பெரிதாகி, விளிம்பு சுருண்டு, கெட்டியான கறுப்பு மணியாக நின்றுவிட்டது. பிளாஸ்டிக் வாசனை வந்தது.

அந்த வாசனை எனக்குத் தெரியும். எங்கள் தெருக்கோடியில் ஒரு பெரியம்மா இருக்கிறார். நான் சின்னப் பையனாக இருந்தபோது அவர் நைலக்ஸ் புடவையோடு அடுப்பு ஊதிக்கொண்டிருந்தார். முந்தானை பற்றிக்கொண்டது. புடவை எரிந்து விழவில்லை, உடம்போடு ஒட்டிக்கொண்டது. உயிர் பிழைத்தார். ஆனால் கழுத்தும் தோளும் ஒன்றாகிப்போய், திரும்பிப் பார்க்க வேண்டுமென்றால் மொத்த உடம்பையும் திருப்புவார். தெருவில் அன்று இருந்த வாசனையும் அவர் குரலும் எனக்குள் இன்னும் இருக்கின்றன. அதற்குப் பிறகு எங்கள் ஊரில் எந்தப் பெண்ணும் அந்த மாதிரிப் புடவையோடு அடுப்புப் பக்கம் போனதில்லை. கடையில் புடவை எடுக்கும்போதே நூலைப் பிரித்துப் பார்ப்பார்கள். ஆண்கள் சட்டை எடுக்கும்போது யார் பார்த்தார்கள்?

நான் மாமாவிடம் ஓடினேன். சட்டையின் ஓரத்திலிருந்து ஒரு நூலை இழுத்து, தீப்பெட்டி வாங்கிக் கொளுத்திக் காட்டினேன். நூல் சுருண்டு சொட்டாக விழுந்தது.

"மாமா, இது பருத்தி இல்ல. நைலக்ஸ் மாரி. இதப் போட்டுக்கினு அடுப்பாண்ட நிக்கக் கூடாது."

"எந்தத் துணிய நெருப்புல காட்டுனாலும் எரியத்தான் செய்யும் மாப்ள. என் வேட்டி எரியாதா?"

"அது எரியும் மாமா. இது ஒட்டிக்கும்."

"காலேஜுல இன்னாத்த சொல்லிக்குடுக்குறாங்க உனக்கு?"

"நெருப்பு சுடும்னு சொல்லிக்குடுக்குறாங்க," என்றார் சித்தப்பா. எல்லாரும் சிரித்தார்கள்.

அப்பாவின் பக்கம் திரும்பினேன். அவர் சட்டையைப் போட்டு முடித்திருந்தார். முழங்கால் வரை தொங்கியது. "யப்பா, நீயாவது கழட்டுப்பா. அடுப்பாண்ட நிக்கிறது நீதான்."

"சாமிகிட்ட வெச்சி எடுத்தது. போட்டதக் கழட்டுனா எப்டி?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ வாங்குன சட்டடா. நீயே குத்தம் சொல்லாத. நாலு பேரு இருக்குறாங்க," என்றார்.

என் சட்டையை நான் போடாமல் பையிலேயே வைத்துக்கொண்டேன். வேனில் அப்பா எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அவர் முதுகில் நான் வரைந்த மலை. வழியெல்லாம் நான் அதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

எங்கள் பந்தல் செங்கம் ரோட்டில், ஆசிரமங்களைத் தாண்டி இருந்தது. போலீஸ்காரர்கள் கத்திரிப்பூ நிறத்தைப் பார்த்ததும் ஓரமாக வழிவிட்டார்கள். ஒருவர் அப்பாவைப் பார்த்து, "அன்னதானமா? போங்க போங்க," என்றார். போங்க என்றார். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தை வைத்துக்கொண்டு இனி சட்டையைக் கழற்று என்று எப்படிச் சொல்வேன்?

முந்தின நாள் மழை. விறகு ஈரம். பள்ளம் வெட்டிச் செங்கல் அடுக்கிய அடுப்பில் வேலங்கட்டையைத் திணித்துப் பற்ற வைத்தார்கள். ஈரக் கட்டை படபடவென்று வெடித்தது. ஒவ்வொரு வெடிப்புக்கும் பொறி பறந்தது. அப்பா துடுப்பைப் பிடித்துக்கொண்டு அண்டாவின் மேல் குனிவார். சட்டையின் ஓரம் முன்னால் தொங்கும். நிமிர்வார், ஓரம் பின்னால் போகும். அடுப்பின் வாய்க்கும் அந்த ஓரத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளியைத் தவிர வேறு எதையும் என்னால் பார்க்க முடியவில்லை. தொன்னை அடுக்கச் சொன்னார்கள். அடுக்கினேன், பார்த்துக்கொண்டே. தண்ணீர் எடுத்துவரச் சொன்னார்கள். பாதி வழியில் குடத்தை வைத்துவிட்டு ஓடிவந்தேன், பார்ப்பதற்கு.

அப்போதுதான் எனக்குத் தோன்றியது. கையில் இருந்த வாளித் தண்ணீரை அப்பாவின் மேல் ஊற்றிவிட்டேன்.

"டேய்! பைத்தியமாடா உனக்கு?"

"ஈரத் துணிப்பா," என்றேன். எனக்கே தெரியாமல் வாயில் வந்தது. "சாமி காரியத்துக்கு ஈரத் துணியோட நிக்கிறது நல்லது."

"அது வாஸ்தவந்தான்," என்றார் பக்கத்தில் இருந்த பெரியவர். "எங்க அம்மா ஈரப் புடவையோடதான் மலை சுத்துவா." சட்டையைக் கழற்றுவதற்கு எதிராகத்தான் எல்லாரும் இருந்தார்கள். நனைப்பதற்கு எதிராக யாருக்கும் சொல்ல ஒன்றுமில்லை. கொஞ்ச நேரத்தில் சித்தப்பாவும் வந்து, "எனக்கும் ஊத்துடா," என்று தலையைக் குனிந்து நின்றார். போகிற வழியில் ஒரு பக்தர், வேண்டுதல் போலிருக்கிறது என்று நினைத்து, அவரும் வந்து கும்பிட்டு நின்றார். அவருக்கும் ஊற்றினேன். வெள்ளைக்காரர் ஒருவர் இதையெல்லாம் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். சிரிப்பாகத்தான் இருந்திருக்கும், பார்த்தவர்களுக்கு.

ஆனால் அந்தத் துணி தண்ணீரைக் குடிக்கவில்லை. உதறினால் போய்விட்டது. அடுப்புச் சூட்டில், கடைக்காரர் சொன்ன மாதிரியே, நின்ற இடத்திலேயே காய்ந்தது. நான் மறுபடி ஊற்றினேன். மறுபடி காய்ந்தது. அப்பாவுக்கு உதடு நடுங்கியது. முதுகுப் பக்கம் குளிர், முன்பக்கம் அனல். அவர் திட்டுவதை நிறுத்திவிட்டார். என்னைப் பார்ப்பதையும் நிறுத்திவிட்டார்.

சாயங்காலம் தூறல் போட்டது. கூட்டம் நகர முடியாமல் நின்றது. எங்கள் பந்தல் காலடியில் ஒரு கிழவி நனைந்தபடி சுருண்டு உட்கார்ந்திருந்தாள். மாமா அவளுக்குத் தொன்னையில் சாதம் கொடுத்துவிட்டு, உள்ளே போய், உபரியாக வைத்திருந்த ஒரு சட்டையைக் கொண்டுவந்து, "இந்தாம்மா, போட்டுக்க, கதகதன்னு இருக்கும்," என்று கொடுத்தார். கிழவி அதைப் புடவைக்கு மேல் போட்டுக்கொண்டு மாமாவைக் கும்பிட்டாள். நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் நினைக்க நேரமில்லை. அப்பா புது அண்டாவை ஏற்றிக்கொண்டிருந்தார்.

தீபம் ஏறுகிற நேரம் நெருங்கியது. சாலை முழுக்கச் சத்தம் அடங்கி, எல்லாரும் மலை உச்சியைப் பார்த்து நின்றார்கள். அடுப்பில் நெருப்பு நன்றாகப் பிடித்திருந்தது. யாரும் கட்டையை வெளியே இழுத்துவிடவில்லை. யாருக்கு அப்போது அடுப்பு நினைவில் இருக்கும்? அப்பா துடுப்பை வைத்துவிட்டு மலைப் பக்கம் திரும்பினார். மலை முன்னால், அடுப்பு பின்னால்.

"அரோகரா!" என்று சாலை வெடித்தது. அப்பா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார். கூட்டம் நெருக்கியது. அவர் ஒரு அடி பின்னால் வந்தார். இன்னொரு அடி. சட்டையின் ஓரம் விரிந்து அடுப்பின் வாய்க்கு நேராகப் போனது.

நான் பாய்ந்து அப்பாவுக்கும் அடுப்புக்கும் நடுவில் நின்று, அவருடைய சட்டையின் ஓரத்தை இரண்டு கையாலும் சுருட்டிப் பிடித்துக்கொண்டேன். என் பின்னங்காலில் அனல் அடித்தது. என் முகம் அவர் முதுகில், நான் வரைந்த மலையின் மேல் இருந்தது. அப்பாவின் உடம்பு குலுங்கியது. அழுதுகொண்டிருந்தார். தீபம் பார்த்தால் அழுவார். எல்லாரும் மேலே பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். அந்த வருஷம் நான் தீபம் பார்க்கவில்லை.

"இன்னாடா, சின்னப் புள்ளையாட்டம் புடிச்சிக்கினு," என்றார் அப்பா, திரும்பி. பிடியை விட்டேன். அடுப்பிலிருந்து கட்டைகளை இழுத்துத் தண்ணீர் ஊற்றி அணைத்தேன்.

ஊருக்கு வந்ததும் அப்பா சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். கையால் தடவிப் பார்த்தேன். முதுகிலும் ஓரத்திலும் சின்னச் சின்ன ஓட்டைகள், விரலுக்கு மணல் மாதிரி நெருடின. உள்ளே போட்டிருந்த பழைய பனியனில் அதே இடங்களில் பழுப்புப் புள்ளிகள். அந்தப் பனியன் நல்ல பருத்தி. அதுதான் காப்பாற்றியிருக்கிறது. முடிந்துவிட்டது என்று நினைத்துப் படுத்தேன். அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

காலையில் விறகுப் புகை வாசனையில் எழுந்தேன். வாசலில் அம்மா அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். பனி நன்றாக இருந்தது. வயலுக்குப் போகும்போதும் பனிக்காலத்திலும் புடவைக்கு மேல் வீட்டு ஆண்களின் சட்டையைப் போட்டுக்கொள்வது எங்கள் ஊர்ப் பெண்களின் வழக்கம். சாமியிடம் வைத்து எடுத்த சட்டை, மஞ்சள் தடவியது, கொடியில் கைக்கெட்டும் தூரத்தில் தொங்கியது. அம்மா அதைத்தான் போட்டிருந்தாள். குந்தி உட்கார்ந்து, குனிந்து, ஊதாங்குழலை வாயில் வைத்து ஊதினாள். சட்டையின் ஓரம் தரையில் கிடந்தது. அடுப்பின் வாய்க்கு ஒரு சாண்.

எனக்குக் குரல் வரவில்லை. உண்மையாகவே வரவில்லை. வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது.

மாட்டுக்குக் கழுநீர் எடுத்துக்கொண்டு அப்பா கொல்லையிலிருந்து வந்தார். அம்மாவைப் பார்த்தார். ஒரு நொடிதான். வாளியில் இருந்ததை அப்படியே அவள் மேல் வீசினார். அடுப்பு புஸ்ஸென்று அணைந்தது. தவிடும் அரிசி களைந்த தண்ணீரும் அம்மாவின் தலையிலிருந்து வழிந்தன.

"அடப்பாவி மனுஷா! தீபத்துக்குப் போயி புத்தி கெட்டுப் போச்சா?"

"கழட்டு. கழட்டுடி அத."

அவர் குரலை நான் அப்படிக் கேட்டதில்லை. அம்மாவும் கேட்டதில்லை போலிருக்கிறது. உடனே கழற்றினாள். அப்பா அதை வாங்கித் தரையில் போட்டு மிதித்தார். சாமி சட்டையை மிதித்தார். பிறகு என்னிடம், "நேத்தே சுட்டுதுடா. பகல்லயே," என்றார்.

"சொல்லவே இல்லியேப்பா."

தெருவைப் பார்த்தார். ஒவ்வொரு கூரையின் மேலும் புகை எழுந்துகொண்டிருந்தது. "எல்லாரு ஊட்லயும் அடுப்பு பத்த வெச்சிருப்பாங்க," என்றார். இரண்டு பேரும் ஓடினோம்.

ஒரு வீட்டில் சட்டை இன்னும் பைக்குள் இருந்தது. ஒரு வீட்டில் குழந்தைக்குப் போர்த்தியிருந்தார்கள். "குடுத்த சட்டையத் திருப்பிக் கேப்பாங்களா?" என்று ஒருத்தி சண்டைக்கு வந்தாள். அப்பா கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிக்கொண்டார். மாமா வீட்டில் மாமா தின்பண்டத் தட்டோடு உட்கார்ந்திருந்தார். "இன்னா மச்சான், உனக்கும் ஒட்டிக்கிச்சா? எந்தத் துணியும் எரியத்தான்..." என்று தொடங்கினார். அப்போது மாமி சமையல் கட்டிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். கத்திரிப்பூ நிறம். அவளுக்குப் பின்னால் அடுப்பு. மாமா பேச்சை நிறுத்தினார். எழுந்து போய் அவரே அவள் கையிலிருந்து கரண்டியை வாங்கினார்.

கடைசி வீடு தெருக்கோடி. பெரியம்மாவின் மகனும் குழுவில் இருந்தார். சட்டை வீட்டுக்கு வெளியே, வேலி முள்ளில் தொங்கியது. உள்ளே கொண்டுவர விடவில்லையாம். பெரியம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். மொத்த உடம்பையும் எங்கள் பக்கம் திருப்பி, என் கையில் இருந்த மூட்டையைப் பார்த்தார்.

"எல்லாம் வந்துட்ச்சா?"

"வந்துட்ச்சு பெரியம்மா," என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் நினைவு வந்தது. தூறல். தொன்னை. கும்பிட்ட கை.

அன்றே அப்பாவும் நானும் திருவண்ணாமலைக்குப் பஸ் ஏறினோம். மலை மேல் தீபம் எரிந்துகொண்டிருந்தது. சாலை முழுக்கத் தொன்னைகளும் செருப்புகளும் கிடந்தன. பந்தல் இருந்த இடத்தில் மூங்கில் குழிகள் மட்டும். டீக்கடைகளில் கேட்டோம், லிங்கக் கோயில் வாசல்களில் கேட்டோம், சாமியார்களிடம் கேட்டோம். "கத்திரிப்பூ கலர் சட்டையா? தீபத்துக்கு எத்தினியோ ஜனம் வருது தம்பி," என்றார்கள். எந்த ஊர்க் கிழவி என்று யாருக்கும் தெரியவில்லை. அவள் ஊரிலும் விறகு அடுப்பாகத்தான் இருக்கும். காலையில் பனியாகத்தான் இருக்கும். அப்பா மலையைச் சுற்றி முழுக்க நடந்தார். ஒரு இடத்தில்கூட உட்காரவில்லை.

இப்போது குழுவுக்குச் சட்டை எடுக்க அப்பாதான் வருகிறார். கடையில் முதல் வேலையாக நூலை இழுத்துக் கொளுத்துகிறார். கடைக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள். அப்பாவுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. சட்டை அவரவர் அளவுக்கு வருகிறது, இடுப்போடு நிற்கிறது. நிறத்தை மாற்றிவிட்டோம்.

போன தீபத்தில் லிங்கக் கோயில் ஒன்றின் பக்கத்தில், ஒரு கிழவி கத்திரிப்பூ நிறத்தில் எதையோ போர்த்திக்கொண்டு, மூன்று கல் வைத்துச் சுள்ளி பற்ற வைத்துக்கொண்டிருந்தாள். நான் கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடினேன். சட்டை இல்லை, துண்டு. ஆனாலும் அவள் பக்கத்தில் குந்தினேன்.

"தொட்டுப் பாக்கட்டுமாம்மா?" என்றேன்.

"இன்னாத்துக்குப்பா?" என்றாள், சந்தேகமாக. பிறகு என் முகத்தைப் பார்த்தாள். துண்டின் ஓரத்தை நீட்டினாள்.

விரலால் தேய்த்துப் பார்த்தேன். பருத்திதான்.